அசையாமல் இருந்தவள்

காலையில் எழுந்து பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்துகிறேன். உமிக்கரி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறேன். பல் விளக்குகிறேன். வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொள்கிறேன். விபூதி பூசுகிறேன். வேலைக்காரி கோமு பழையதும் மோர்மிளகாயும் வைத்துவிட்டுப் போகிறாள். சாப்பிடுகிறேன். அம்மா இருக்கும் உள்ளறை வாசலில் நின்று, "போயிட்டு வாரேன்" என்கிறேன். "சரிய்யா" என்று இருட்டுக்குள்ளிருந்து பதில் வருகிறது. கோட்டை மாட்டித் தலைப்பாகை வைத்துத் தெருவில் இறங்குகிறேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் காலேஜுக்குப் போய், எஃப்.ஏ. வகுப்புக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறேன். சாயங்காலம் திரும்பி வருகிறேன்.

என் மனைவி பிரம்மநாயகி மார்கழியில் இறந்தாள். இப்போது மாசி. சித்தப்பா எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்பாசமுத்திரத்தில் ஒரு இடமாம். பெண் நல்ல அடக்கமாம். வைத்த இடத்தில் இருப்பாளாம்.

பிரம்மநாயகியை வீட்டில் பிரமு என்று கூப்பிட்டோம். அவளுக்குச் சேரன்மகாதேவி. எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாம் வருஷம் அது தொடங்கியது. அடுப்பில் பால் பொங்கி வழியும். கையில் கரண்டியோடு அவள் பார்த்துக்கொண்டே நிற்பாள். கூப்பிட்டால் திடுக்கிடுவாள். பிறகு சுவரைப் பார்த்து ஏதோ முணுமுணுக்கத் தொடங்கினாள். பிறகு சாப்பாட்டில் பாதியில் எழுந்து போனாள். அம்மா பேய் என்றாள். அப்பா பித்தம் என்றார். அடுத்த வீட்டில் இருக்கும் சித்தப்பா குற்றாலலிங்கம் பிள்ளை, ஜாதகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றார். வேப்பிலை அடித்தார்கள். தாயத்துக் கட்டினார்கள். பேதிக்குக் கொடுத்தார்கள். தலையில் எண்ணெய் வைத்து வைத்து முடி கொட்டியது.

யாரும் அவளிடம் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"ரெண்டு பொம்பளைக பேசுதுக," என்றாள்.

"என்ன பேசுதுக?"

"நான் செய்யுததைச் சொல்லுதுக. இந்தா தம்ளரை எடுக்கா. இந்தா குடிக்கா. இந்தா கீழே வைக்கா. ஒண்ணு சொல்லும், இன்னொண்ணு சிரிக்கும்."

"நீ சும்மா இருந்தா?"

"சும்மா இருந்தா அதுகளுக்குச் சொல்ல என்ன இருக்கு? அப்பத்தான் ஏசும்."

என்ன சொல்லி ஏசும் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். அதைக் கடைசிவரை அவள் சொல்லவில்லை.

ஆனித் திருவிழா வந்தது. வீடு நிறைய விருந்தாளிகள். அன்று பார்த்துக் கோமுவுக்குக் காய்ச்சல். வெளியூர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் குளிக்க நிற்கிறார்கள். தண்ணீர் இறைக்க ஆள் இல்லை. யாரும் சொல்லாமலே பிரமு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். காலையிலிருந்து மத்தியானம்வரை இறைத்தாள். அண்டா, தொட்டி, குடங்கள் எல்லாம் நிறைந்த பிறகும் இறைத்துச் செடிக்கு ஊற்றினாள். சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளங்கையை ஊதிக்கொண்டே என்னிடம் வந்தாள். கை கன்றிச் சிவந்திருந்தது.

"இன்னைக்கு அதுக சத்தத்தையே காணோம்," என்றாள்.

"எப்படி?"

"கையும் காலும் ஓடிக்கிட்டே இருந்திச்சா, அதுகளாலே சொல்லி முடியலை. வாளியை விடுதான்னு ஒண்ணு சொல்ல வாயெடுக்கும். அதுக்குள்ள நான் இழுத்து ஊத்திருவேன். பொறவு மூச்சு வாங்கிப்போயி எங்கனயோ உக்காந்துட்டுக."

சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன், அவளுக்கு மேல்வரிசையில் ஒரு பல் சற்று முன்னால் நீண்டிருப்பதை.

மறுநாள் நேசையாவைப் பார்க்கப் போனேன். நேசையா கிறிஸ்தவன், என்னோடு பள்ளியில் படித்தவன். வைத்தியம் கற்று, வடக்கே ஒரு பைத்திய ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுப் பாளையங்கோட்டையில் வந்து உட்கார்ந்திருந்தான். நடந்ததைச் சொன்னேன்.

"நல்லதுதாம்வே," என்றான். "நான் இருந்த இடத்துல தோட்டம் உண்டு. மம்பட்டியைக் கையில குடுத்தா சில பேரு தெளிவா இருப்பான். சீக்கு போயிராது. ஆனா சீக்கை வச்சுக்கிட்டே சாப்பிடுவான், உறங்குவான், பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிப் பார்ப்பான். மழைக்காலத்துல உள்ள போட்டு அடைச்சோம்னா பழையபடி சுவரோட பேச ஆரம்பிச்சிருவான்."

"எல்லாருக்கும் இப்படித்தானா?"

"எல்லாரையும் எங்க வெளிய விட்டோம்? கூலிக்காரப் பைத்தியத்துக்கு மம்பட்டி. கௌரவமான பைத்தியத்துக்குக் கட்டிலும் உறக்கத்துக்குப் புரோமைடும். ஒங்க வீட்டம்மா கௌரவமான இடம்லா."

அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். பிரமு தினமும் தண்ணீர் இறைக்கட்டும், இல்லையென்றால் நெல் குத்தட்டும் என்றேன்.

"நல்லா இருக்குலே," என்றாள் அம்மா. "பிள்ளைமார் வீட்டு மருமக மருந்துன்னு சொல்லி வாளி எறைக்கட்டும். ஊரு என்ன சொல்லும்? வேலைக்காரி வைக்க வக்கில்லைன்னு சொல்லும்."

"தெருவுல வேண்டாம். ஆத்தங்கரையில கொஞ்ச தூரம் நடந்துட்டு வரட்டும்."

"எதுக்கு? ஆடு மேய்க்கவா?"

அப்பா கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு விஷயத்தில் கருத்துச் சொல்வதையும் அதோடு நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் நான் எல்லார் முன்னாலும் சொன்னேன்: காந்திமதியம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன், பிரமுவுக்குக் குணமாகும்வரை அவள் தினமும் விடியுமுன் கோயிலைச் சுற்றி வருவாள். உண்மையில் நான் எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை. அந்த நிமிஷத்தில் தோன்றியதைச் சொன்னேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சித்தப்பா, "இதை மொதல்லயே செஞ்சிருக்கணும்" என்றார். ஒரு எதிர்ப்பும் இல்லை. மருமகள் தனக்காக நடந்தால் அவமானம். சாமிக்காக நடந்தால் புண்ணியம். அந்தப் பொய்க்காக நான் இன்றுவரை வருந்தவில்லை. ஏறக்குறைய இரண்டு வருஷம் அவளுக்கு அதனால் கிடைத்தது.

கோயில் வெளிப் பிராகாரம் நீளமானது. பிரமு ஈரத் தலையோடு கைவீசி நடப்பாள். அங்கே பெண்கள் கைவீசி நடக்க மாட்டார்கள். முதலில் முறைத்தார்கள். நேர்த்தி என்று தெரிந்ததும் விலகி வழிவிட்டார்கள். துணைக்குப் போன கோமு பின்னால் ஓடுவாள்.

"ஏ யம்மா, பைய போங்க. தேருகூட இங்கன நின்னு நின்னுதான் போகும். நீங்க என்ன இப்படிப் பறக்கிய?"

"நீ வேணும்னா உக்காரு கோமு. வார சுத்துல ஒன்னைத் தூக்கிக்கிடுதேன்."

"தூக்குவிய, தூக்குவிய. ஒங்க அத்தை பார்த்தா என்னைத்தான் தூக்கிக் குளத்துல போடுவாவ."

சில நாள் நானும் போவேன். ஆண்கள் பக்கத் தூணில் சாய்ந்து நின்று, அவள் சங்கிலி மண்டபத்தைக் கடந்து போவதையும் மறுபடி இந்தப் பக்கம் வருவதையும் பார்ப்பேன். முதல் சுற்றுகளில் உதடு அசையும், முகம் கோணும். போகப் போக முகம் கழுவி விட்டதுபோல் ஆகும். கடைசியில் வியர்வை மட்டும் இருக்கும்.

குரல்கள் போய்விட்டன என்று நான் சொல்லமாட்டேன். அவளும் சொன்னதில்லை. ஆனால் பாலைப் பொங்க விடாமல் இறக்கினாள். கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து, காய்க்காரியிடம் சண்டை போட்டாள். முடி மறுபடி வளர்ந்தது. சாயங்காலம் நான் வந்ததும், "இன்னைக்கு எந்தப் பையனைப் பெஞ்சு மேல ஏத்துனீங்க?" என்று கேட்பாள். காலேஜில் பெஞ்சு மேல் ஏற்றுவதில்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை.

மாதத்தில் மூன்று நாள் அவள் பின்கட்டு அறையில் தனியாக உட்கார வேண்டும். கோயில் கிடையாது, எதையும் தொடக் கூடாது, வேலையும் கிடையாது. முதல் நாள் சும்மா இருப்பாள். மறுநாள் முணுமுணுப்புத் தொடங்கும். மூன்றாம் நாள் காதைப் பொத்திக்கொண்டு இருப்பாள். நான்காம் நாள் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனால் தணியும்.

"பார்த்தியா?" என்பாள் அம்மா. "அம்மன் பார்வை விலகினா அது உள்ள வந்திருது."

நான் பார்த்தது வேறு. அதே மூன்று நாள், அதே அறை. உட்கார்ந்தால் வருகிறது. இரண்டு காரணங்களும் சேர்ந்தே இருந்தால் எது காரணம் என்று சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் நீக்கிப் பார்க்க வேண்டும். வகுப்பில் தினமும் சொல்கிற பாடம். கோடை லீவில் அவளைச் சேரன்மகாதேவிக்கு அழைத்துப் போனேன். கோயில் பக்கமே போகவில்லை. தினமும் காலையில் கால்வாய்க் கரையோடு வெகுதூரம் நடந்தோம். அங்கே அவளை யாரும் கேட்கவில்லை. பிறந்த ஊர்ப் பெண். ஒருநாள் வயலில் மடை திறந்துவிட்டவனிடம் மண்வெட்டியை வாங்கித் தானே வரப்பை வெட்டினாள். அந்த லீவு முழுவதும் குரல்கள் தலை தூக்கவில்லை. எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. தீர்ந்து என்ன செய்ய? அதை வீட்டில் சொன்னால் இருக்கிற நடையும் போய்விடும்.

இரண்டாம் வருஷம் அம்மா கேட்கத் தொடங்கினாள்.

"நாதா, அவளுக்குச் சரியாயிட்டுல்லா? வெள்ளியில உரு செஞ்சு சாத்தி நேர்த்தியை முடிச்சிருவோம். இழுத்துக்கிட்டே போகக் கூடாதுலே."

"இன்னும் சரியாகலைம்மா."

"நல்லாத்தானே இருக்கா?"

"ஒங்களுக்குத் தெரியாது. இன்னும் இருக்கு."

அவளை நடக்க வைப்பதற்காக அவள் பைத்தியம் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அம்மா அதைச் சித்தியிடம் சொன்னாள். சித்தி தெருவில் சொன்னாள். ஒருநாள் பிரமு என்னிடம் கேட்டாள்.

"எனக்கு இன்னும் சரியாகலைன்னு அத்தைகிட்ட சொன்னீங்களா?"

"ஆமா."

"சரியாயிட்டுன்னு சொன்னா என்ன?"

"நேர்த்தி முடிஞ்சிரும். பொறவு வீட்டுக்குள்ளதான்."

"அப்பம் நான் பைத்தியமாவே இருந்துக்கிடுதேன்," என்றாள்.

வால் நட்சத்திரம் தெரிந்த வருஷம் அது. சித்திரைக் கடைசியில், விடியுமுன் கோயிலுக்குப் போகும்போது கிழக்கே பெரிதாகத் தெரிந்தது. கோமு தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஓடினாள். பிரமு வாயைத் திறந்து பார்த்தபடியே நடந்தாள். வைகாசியில் அப்பா இறந்தார். காலையில் கக்கூசிலிருந்து வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

நான் ஒரே மகன். கொள்ளி வைத்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கூடத்தில் இருந்தபோது சித்தப்பா தொடங்கினார்.

"வாலு முளைச்ச நட்சத்திரத்தைச் சொல்லிப் புண்ணியம் இல்லை. நேர்த்தியை முடிக்காம இழுத்தடிச்சது ஆரு? சாமி காத்துக் காத்துப் பார்த்துச்சு. பொறவு வீட்டுல பெரிய தலையா எடுத்துக்கிட்டுது."

எனக்கு அன்று உறக்கம் இல்லை, பசி இல்லை, பொறுமையும் இல்லை.

"நேர்த்தின்னு ஒண்ணும் கிடையாது சித்தப்பா," என்றேன். "நான் சும்மா சொன்னது. அவ நடக்கணும். நடந்தா அவளுக்குச் சீக்கு அடங்குது. சாமிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

சித்தப்பா எழுந்து நின்றார்.

"சாமி பேரைச் சொல்லிப் பொய்யா?"

"ஆமா."

"பி.ஏ. படிச்ச லெச்சணம்," என்றார் சித்தப்பா. "ஏலே, அது அப்பனைத் தின்ன பொய்லே."

உள்ளேயிருந்து அம்மா அழுகிற சத்தம் கேட்டது. "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. நாதா, அவளை எங்கிட்ட விட்டிரு. நடையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எனக்கு வேற ஆரு இருக்கா?"

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் செத்தால் பெண்டாட்டி ஒரு வருஷம் உள்ளறை மூலையில் உட்கார வேண்டும். வெளிச்சத்துக்கு வரக்கூடாது. மூத்த மருமகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். துக்கம் விசாரிக்க, துட்டி கேட்க வருகிற பெண்களோடு சேர்ந்து மாமியார் அழும்போது மருமகளும் அழ வேண்டும். அவர்கள் போன பிறகு மாமியாரைத் தனியே விட்டு எழுந்து போகக் கூடாது. அந்த ஒரு வருஷமும் கோயில் இல்லை. துட்டி வீட்டில் உலக்கைச் சத்தம் கேட்கக் கூடாது. ஆகவே நெல் வெளியே குத்தி வரும். தண்ணீரைக் கோமு இறைப்பாள். மருமகளுக்கு உட்காருவது ஒன்றுதான் வேலை.

பிரமு உட்கார்ந்தாள்.

முதலில் சேலைக்குள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். முழங்கால் தறிமிதிபோல ஏறி இறங்கும். அம்மா அவள் பாதத்தின்மேல் கையை வைப்பாள்.

"ஆட்டாதே தாயி. துட்டி வீட்டுல காலாட்டக் கூடாது."

அம்மா அவளிடம் கடுமையாக இருந்ததில்லை. தாயி என்றுதான் கூப்பிட்டாள். தன் தட்டிலிருந்து எடுத்து ஊட்டினாள். நாள் முழுவதும் அவள் கையைப் பிடித்தபடி இருந்தாள். அந்தக் கையை விட்டிருந்தால் அம்மா என்ன ஆகியிருப்பாளோ, தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்துக் குரல்கள் முழுப் பலத்தோடு வந்துவிட்டன என்று பிரமு சொன்னாள். "இப்பம் சொல்ல ஒண்ணுமே இல்லைல்லா. நாள் பூரா ஏசுதுக," என்றாள்.

மாடிக்கு மேலே எங்கள் வீட்டில் பெரிய தட்டட்டி உண்டு, வடகம் காயப் போடுகிற மொட்டைத்தளம். அம்மா மத்தியானம் கண்ணயரும்போது பிரமுவை அங்கே அழைத்துப் போனேன். வெயிலில் சுடுகிற தளத்தில் அவள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். கால் கொப்பளித்தது. பரவாயில்லை என்றாள். ஒரு வாரம் நடந்தாள். முகம் கொஞ்சம் திரும்பி வந்தது. ஒருநாள் கீழே அம்மா விழித்துக்கொண்டாள். புருஷனைப் பறிகொடுத்தவள் தலைக்கு மேலே ஆள் நடக்கிற சத்தம். சித்தப்பாவைக் கூப்பிட்டு அழுதாள். எதிர்வீட்டுக்காரர்களும் பார்த்திருந்தார்கள். மருமகள் துட்டி வீட்டுத் தட்டட்டியில் உலாவுகிறாள் என்று தெருவில் சிரித்தார்கள். சித்தப்பா மாடிக் கதவில் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். நான் சத்தம் போட்டேன். பூட்டை உடைப்பேன் என்றேன். மறுநாள் உடைத்தேன். அம்மா மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நான்காம் நாள் சித்தப்பா புதுப் பூட்டைப் போட்டார்.

ஆடி போய் ஆவணி வந்தது. காலாட்டம் நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. ஒருநாள் பார்த்தபோது, முழங்காலைக் கட்டி, தலையைச் சற்றுச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது அதே சாய்வு. கையைத் தூக்கி விட்டால் தூக்கிய இடத்தில் நிற்கும். மெல்ல மெல்லத் தாழும். கண் திறந்திருக்கும், சுவரில் இருக்கும்.

துட்டி கேட்க வந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள்.

"பாலம்மாக்கா, இப்படி ஒரு மருமக ஆருக்கு வாய்க்கும்?" என்று ஒருத்தி அம்மாவிடம் சொன்னாள். "நானும் வந்ததுலேருந்து பார்க்குதேன். மூக்குல ஈ உக்காந்தாக்கூட விரட்ட மாட்டேங்கா."

"எம் மருமகளும் இருக்காளே," என்றாள் இன்னொருத்தி. "துட்டி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, வெத்திலைச் செல்லம் எங்கன இருக்குன்னுதான் கண்ணு போகும்."

"மாமனாருக்காக இப்படி ஒடுங்கிப்போயிருக்காளே! பெத்த மக இருப்பாளா?"

"சும்மாவா? ரெண்டு வருஷம் அம்மனைச் சுத்துன புண்ணியம். எப்படி ஆடுன பிள்ளை, எப்படி அடங்கிட்டு பாருங்க."

இரண்டு வருஷம் அவள் சமைத்தாள், சிரித்தாள், காய்க்காரியோடு சண்டை போட்டாள். அப்போதெல்லாம் தெருவுக்கு அவள் பைத்தியம். இப்போது உத்தமி. பக்கத்துத் தெருக்களிலிருந்தும் மருமகள்களை அழைத்து வந்து காட்டினார்கள். அம்மாவுக்கு அந்தத் துக்கத்திலும் ஒரு பெருமை வந்தது. வருகிறவர்கள் பேச்சை எடுக்குமுன் தானே எடுத்தாள்.

நேசையாவை அழைத்து வந்தேன். அவன் பிரமுவின் காலை விரலால் அழுத்திப் பார்த்தான். அழுத்திய குழி அப்படியே நின்றது. கூடத்துக்கு வந்து சித்தப்பாவிடம் மரியாதையாகத்தான் சொன்னான்.

"அண்ணாச்சி, இவங்களை எழுப்பி நடத்தணும். ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சாவது நடத்தணும். இப்படியே விட்டா சாப்பாடும் நின்னுரும்."

"வருஷம் திரும்பட்டும்," என்றார் சித்தப்பா. "அதுவரைக்கும் எங்க வீட்டு முறைன்னு ஒண்ணு இருக்கு. வேதக்காரரு ஒமக்கு அது தெரியாது."

நேசையா தெருவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்தான். "தூக்கிட்டுப் போயிரும்வே. எங்கயாவது தூக்கிட்டுப் போயிரும்."

சேரன்மகாதேவியில் அவள் அண்ணனிடம் போய்க் கேட்டேன். துட்டி வருஷத்தில் தங்கையை அழைத்துக்கொண்டால் ஊர் ஏசும் என்றான். அவன் மகளுக்கு வரன் பார்க்கிற நேரம் என்றான். நேசையா பாளையங்கோட்டையில் ஒரு வீடு பிடித்துக் கொடுத்தான். பின்னால் தோட்டமும் கிணறும் இருந்தன. ஐப்பசியில் ஒரு காலை வில்வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். அம்மா மூலையை விட்டு எழுந்து வந்தாள். வெளிச்சத்துக்கு வந்தது அந்த ஒரு தடவைதான். வாசல் நிலைப்படிக்குக் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

"என்னைத் தாண்டிக்கிட்டு அவளைத் தூக்கிட்டுப் போ," என்றாள்.

வெள்ளைச் சேலை. தாலி இல்லாத கழுத்து. வண்டிக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே போய்ப் பிரமுவைத் தூக்கினேன். உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கக் கிடைத்தாள், கனமே இல்லை. நிலைப்படிவரை வந்தேன். பிறகு திரும்பிக் கொண்டுபோய் அவளை அதே இடத்தில் வைத்தேன். வைத்தபடி இருந்தாள்.

கார்த்திகை முடிகிற சமயம் காய்ச்சல் கண்டது. படுக்கப் போட்டபோது முழங்கால் நீளவில்லை. முதுகில் புண். வாயில் ஊற்றிய கஞ்சி வழிந்தது. மார்கழி பிறந்து சில நாளில், கோயிலில் விடியற்காலைச் சங்கு ஊதுகிற நேரம், போய்விட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா இருந்தாள். கோமு இருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்கிற நிலையில் இல்லை.

மறுநாள் துட்டி கேட்க வந்தவர்களிடம் அம்மா, "கடைசியா 'காந்திமதி'ன்னு ஒரு சொல்லு சொன்னா" என்றாள். அடுத்த வாரம் அது, "அத்தை, ஒங்களைத் தனியா விட்டுட்டுப் போறேனே" என்று ஆனது. சித்தப்பா அதையே அம்பாசமுத்திரத்துக்காரர்களிடமும் சொல்லியிருக்கிறார். முதல் மருமகளே இப்படி இருந்த வீடு என்று அவர்களுக்கு நல்ல திருப்தியாம். அம்மா பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படிக் கேட்டிருக்கலாம். கேட்காத குரல் கேட்பது இந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

பிரமு கடைசியாகப் பேசியது கார்த்திகையில், காய்ச்சல் வருமுன். ஆற்றில் வெள்ளம் வந்து பாலத்தில் போக்கு நின்றிருந்தது. காலேஜ் இல்லை. மழை காரணமாகத் துட்டிக்கும் யாரும் வரவில்லை. மத்தியானம். அம்மா சுவரில் சாய்ந்து உறங்கிவிட்டாள். பிடித்திருந்த கை நழுவித் தரையில் கிடந்தது. நான் பிரமுவுக்கு எதிரே உட்கார்ந்தேன். வெகு நேரம் கழித்து அவள் கண் சுவரிலிருந்து நகர்ந்து என்மேல் வந்தது. உதடு பிரிந்தது. பல வாரம் பேசாத தொண்டை. முதலில் காற்றுத்தான் வந்தது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன். சொன்னாள். நான் எழுந்து அவள் கைக்குக் கீழே கை கொடுக்கப் போனேன். அதற்குள் வாசலில் யாரோ குடையை மடக்கி உதறுகிற சத்தமும், "பாலம்மாக்கா" என்று கூப்பிடுகிற குரலும் கேட்டன. அம்மா விழித்துக்கொண்டாள். பிரமுவின் கண் சுவருக்குத் திரும்பிவிட்டது.

அவள் என்னிடம் கேட்டது இதுதான்:

"நான் கொஞ்சம் எந்திரிக்கட்டுமா? ஆரும் வரலைல்லா?"